ஹாலிஎலவுக்கு வரும் செய்தி

கொழும்புக் கோட்டையில் ஏறினால், மலையக ரயில் பாதையில் கடைசிக்கு முந்திய நிலையம் ஹாலிஎல. அடுத்தது பதுளை, அதற்கப்பால் தண்டவாளம் இல்லை. 1924இல் ரயில் பதுளையைத் தொட்ட நாளிலிருந்து தேயிலைப் பெட்டி கீழே இறங்கியதும் பத்திரிகைக் கட்டு மேலே ஏறியதும் இந்தப் பாதையில்தான். பாதையின் கோடியில் இருப்பவனுக்குச் செய்தி கடைசியாக வருவது இயல்பு; அதைப் பற்றி இங்கே யாரும் பெரிதாக முறைப்பட்டதில்லை. வந்த செய்தியில் யார் இருந்தார், யார் இல்லை, தொடங்கிய கதையை முடித்தார்களா என்பதுதான் முறைப்பாடு.

அந்தக் காலத்தில் இந்தப் பக்கத்துத் தோட்டங்களில் பெரிய மனிதர் என்றால் ஒருவர்தான்: தோட்ட நிர்வாகியான துரை. உணுகல்ல, வேவெஸ்ஸ, ஸ்பிரிங்வெளி, தெல்பெத்த, சார்னியா, எந்தத் தோட்டமானாலும் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக் களத்தில் பேர் போடுவதும் வெட்டுவதும் அவர் சொல். கடிதம்கூட அவருடைய ஆபீஸ் வழியாகத்தான் வரும். தப்பால்காரன் டவுனுக்கு நடந்து போய்ப் பையை வாங்கி வருவான். பை ஆபீசில் பிரியும். தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குச் சேர வேண்டியது அப்புறம் சேரும், சில சமயம் சேராமலும் போகும். வெளியாள் ஒருவர் தோட்டத்துக்குள் கால் வைக்க வேண்டுமானால் துரையின் அனுமதி வேண்டும். இல்லாவிட்டால் அத்துமீறல் வழக்கு. துரையைப் பற்றித் துரைக்குத் தெரியாமல் ஒரு வரி எழுதுவதென்றால் முதலில் உள்ளே நுழைந்தாக வேண்டும்.

நுழைந்தவர் கோ. நடேசய்யர். தஞ்சாவூர்க்காரர். புடைவை வியாபாரி வேடத்தில் தோட்டங்களுக்குள் போய்ப் பார்த்து வந்தார் என்பது மலையகத்தில் எல்லோருக்கும் தெரிந்த கதை. 1920களின் தொடக்கத்தில் 'தேசநேசன்', பிறகு 'தேசபக்தன்' என்று தாள் நடத்தினார். அவருடைய மனைவி மீனாட்சி அம்மையும் அதில் எழுதினார், மேடைகளில் பாடினார். துரையின் பேரையும் தோட்டத்தின் பேரையும் போட்டு அங்கே நடப்பதை அச்சில் கேட்ட முதல் தமிழ்த் தாள்கள் என்று அவற்றைச் சொல்லலாம்.

நடுநிலைத் தாள்களா அவை? இல்லவே இல்லை. நடேசய்யர் சட்டநிரூபண சபையில் இருந்தார், 1931இல் ஹட்டனில் தொழிற்சங்கம் அமைத்தார், 1936இல் ஹட்டன் தொகுதியிலிருந்து அரசாங்க சபைக்குப் போனார். பத்திரிகை ஆசிரியரும் சங்கத் தலைவரும் சபை அங்கத்தவரும் ஒரே ஆள். இன்றைக்கு ஒருவர் அப்படி இருந்தால் நாம் சும்மா விடுவோமா? ஆனால் அவர் யார் பக்கம் என்பது தாளின் முதல் பக்கத்திலேயே தெரிந்தது. மறுபக்கத்துக்கும் ஒரு தாள் இருந்தது. 'டைம்ஸ் ஒஃப் சிலோன்' துரைமாரும் கொழும்பின் ஐரோப்பிய வணிகரும் வாசித்த பத்திரிகை; அதுவும் தன் பக்கத்தை மறைக்கவில்லை. இரண்டையும் வாசிக்கிற ஒருவனுக்கு நடுவில் எங்கோ இருக்கும் உண்மையைத் தேடிக்கொள்ள வழி இருந்தது. இரண்டையும் வாசிக்கிறவன் தோட்டத்தில் யார் இருந்தான் என்று கேட்டால், அதற்குப் பதில் கிடையாது.

பதுளை அடங்கிய ஊவா மாகாணத்தின் பெரிய கதை 1940இல் நடந்தது. ஜனவரி 10இல் முல்லோயா தோட்டத்தில் தொழிலாளி கோவிந்தன் பொலிஸ் துப்பாக்கிக்குப் பலியான பிறகு வேலைநிறுத்த அலை மெல்ல இந்தப் பக்கம் திரும்பியது. மே மாதம் பதுளைக்கு அருகே வேவெஸ்ஸ தோட்டத்தில் தொழிலாளர்கள் தங்களுக்குள் ஒரு குழுவைத் தேர்ந்தெடுத்தார்கள். அந்தக் குழுவைக் கலந்தே நடப்பதாகத் துரை ஒப்புக்கொண்டார். ஒழுங்கை நிலைநாட்ட வந்த ஆயுதப் பொலிஸாரிடமிருந்து தொழிலாளர்கள் ஆயுதங்களைப் பறித்துவிட்டதாக லங்கா சமசமாஜக் கட்சியின் வரலாற்றை எழுதிய லெஸ்லி குணவர்தன பதிந்திருக்கிறார். மே 12ஆம் திகதி தடையை மீறிப் பதுளையில் கூட்டம் நடந்தது, அந்தக் கட்சியின் தலைவர்களில் ஒருவரான என்.எம். பெரேரா பேசினார். அடுத்த மாதமே பெரேராவும் கட்சியின் இன்னொரு தலைவர் பிலிப் குணவர்தனவும் உள்ளே. கட்சியின் அச்சகத்துக்கு முத்திரை வைத்தார்கள்.

துரையை ஒரு தோட்டக் குழுவுக்குப் பதில் சொல்ல வைத்த அந்தச் சில நாட்களைப் பற்றி நமக்குத் தெரிந்ததெல்லாம் கட்சிக்காரர் எழுதியதும் அரசாங்கம் எழுதியதும்தான். குழுவில் இருந்த கொழுந்துக்காரியோ கவ்வாத்துக்காரனோ வாய் திறந்து சொன்ன ஒரு வாக்கியத்தை நான் எங்கும் வாசித்ததில்லை. ஒருதலைச் செய்தி என்றால் பொய்ச் செய்தி என்று நாம் எடுத்துக்கொள்கிறோம். மலையகத்தில் அது பெரும்பாலும் வேறு மாதிரி நடக்கும். எழுதியதில் பொய் இருக்காது; பேச வேண்டிய ஆள் இருக்க மாட்டார்.

1930 ஓகஸ்ட் 6இல் தொடங்கிய 'வீரகேசரி' இந்தக் குறையில் கொஞ்சத்தைத் தீர்த்தது. 1932இல் லேக் ஹவுஸ் நிறுவனத்தின் 'தினகரன்' வந்தது. ஒரு தாள் ஒரு லயத்துக்கே போதும். மாலையில் வேலை முடிந்து வந்த பிறகு எழுத்துத் தெரிந்த ஒருவர், பாடசாலை மாஸ்டரோ கணக்கப்பிள்ளை வீட்டுப் பையனோ, இஸ்தோப்பில், அதாவது லயத்தின் முன் திண்ணையில், உட்கார்ந்து உரக்க வாசிப்பார். சுற்றி இருப்பவர்களில் தொழிலாளர் காங்கிரஸ் சங்கத்துக்காரரும் இருப்பார், எதிர்ச் சங்கத்துக்காரரும் இருப்பார். வாசிப்பவர் பாதியில் நிறுத்தி, "இது நம்ம தொரைக்குத் தெரியுமா?" என்பார். இன்னொருவர், "தெரிஞ்சுதான் செய்யிறான்" என்பார். செய்தியைவிட அந்த நிறுத்தங்கள்தான் நீளம். வாசித்து முடிந்த தாள் புகை அண்டிய சுவரில் பசையோடு ஏறும். பழைய லயக் காம்பிராக்களில் சுவரை உரித்தால் ஒன்றின்மேல் ஒன்றாகப் பல வருடத்துத் தாள்கள் இருக்கும்: எண்ணெய் பிசுக்கேறிய ஒரு மந்திரி, அவருக்கு அடியில் ஒரு சினிமா விளம்பரம், அதற்கும் அடியில் இன்னொரு மந்திரி.

அந்தத் தாள்களில் மலையகத்துக்கென்று ஒரு மூலை பிறந்தது அறுபதுகளில். வீரகேசரியில் எஸ்.எம். கார்மேகம் 'தோட்ட மஞ்சரி' பக்கத்தை நடத்தினார். மலையக எழுத்தாளர்களுக்குச் சிறுகதைப் போட்டிகள் வைத்தார்கள். அப்படி வெளியே தெரிய வந்தவர்களில் ஒருவர் ஹாலிஎலவுக்குப் பக்கத்து ஊவாக்கட்டவளைத் தோட்டத்தில் 1934இல் பிறந்த தெளிவத்தை ஜோசப். அவருடைய 'காலங்கள் சாவதில்லை' நாவலும் வீரகேசரிப் பிரசுரமாகவே வந்தது. செய்திப் பக்கத்தில் கேட்க முடியாத கேள்வியைக் கதைப் பக்கத்தில் கேட்டார்கள் என்பது என் கணிப்பு. சங்கத் தலைவரைக் குறை சொல்லி ஒரு செய்தி வந்தால் அடுத்த நாள் மறுப்பு வரும். கதையில் வந்த தலைவருக்கு மறுப்பு எழுத யாரால் முடியும்? எழுதினால் அது நான்தான் என்று ஒப்புக்கொண்டதாகிவிடும்!

1973இல் லேக் ஹவுஸ் அரசாங்கத்தின் கைக்குப் போன பிறகு தினகரன் எந்த ஆட்சியையும் கேள்வி கேட்கும் நிலையில் இல்லை. அது எவருக்கும் தெரிந்த விஷயம். இங்கே நீட்ட வேண்டியதில்லை.

நீட்ட வேண்டியது 1983இன் தமிழர் எதிர்ப்புக் கலவரம். ஜூலை 27 காலை வரை பதுளை அமைதியாகத்தான் இருந்தது. பிறகு கடைவீதி எரிந்தது, வீடுகள் எரிந்தன. பத்திரிகைகளுக்குத் தணிக்கை. அடுத்த நாள், 28ஆம் திகதி, ஜனாதிபதி ஜே.ஆர். ஜயவர்தன தொலைக்காட்சியில் தோன்றினார். அடிபட்டவர்களுக்கு ஒரு ஆறுதல் வார்த்தை அந்த உரையில் இல்லை. பிரிவினையைத் தடுக்கச் சட்டம் கொண்டுவருவதைப் பற்றிப் பேசினார். பிரிவினை கேட்காத, வாக்கே சரியாகக் கிடைக்காத தோட்டத்துச் சனம் பதுளையில் ஏன் எரிக்கப்பட்டது என்று நாட்டின் தலைவரைப் பார்த்து மறுநாள் காலையில் கேட்க ஒரு தாளாலும் முடியவில்லை.

2000ஆம் ஆண்டு அந்த வன்முறை மறுபடி இந்தப் பாதைக்கே வந்தது. ஹாலிஎலவிலிருந்து ரயிலில் மேலே ஏறினால் தெமோதரை, எல்ல தாண்டி பண்டாரவளை. அங்கே பிந்துனுவெவ புனர்வாழ்வு முகாமில் ஒக்டோபர் 25 காலை 25க்கும் மேற்பட்ட தமிழ் இளைஞர்கள் கும்பலால் கொல்லப்பட்டார்கள், பொலிஸார் நின்றிருக்க. இந்தத் தடவை தணிக்கையை மீறியும் செய்தி உலகம் முழுக்கப் போனது. ஆணைக்குழு உட்கார்ந்தது. 2003இல் ஐந்து பேருக்கு மரண தண்டனை என்று கொட்டை எழுத்தில் வந்தது. 2005க்குள் அத்தனை பேரும் மேன்முறையீட்டில் விடுதலையானார்கள். அதற்குக் கிடைத்த எழுத்தின் பருமன் வேறு. ஹாலிஎலவில் அந்தக் கொலையை நினைவு வைத்திருப்பவரிடம் தீர்ப்பைப் பற்றிக் கேளுங்கள்: "ஆமா, தூக்குன்னு சொன்னாங்களே" என்பார். செய்தி அவரிடம் 2003இல் நின்றுவிட்டது.

இன்றைக்கு வருவோம்.

இன்று லயத்தில் தாள் வாங்குகிறவர் குறைவு. செய்தி ரீலோட் போட்டு வருகிறது. சக்தி, சூரியன் வானொலிகள் 1998இலிருந்து இருக்கின்றன. இப்போது எல்லாவற்றையும் முகநூலும் வாட்ஸ்அப்பும் டிக்டொக்கும் விழுங்கிவிட்டன. துரை இப்போது கம்பனியின் மனேஜர். 1992இல் பெருந்தோட்டங்கள் கம்பனிகளின் கைக்குப் போன பிறகு அவருக்கும் மேலே கொழும்பில் ஆள் உண்டு. அவரை ஒளிந்திருந்து படம் பிடிக்கலாம், பிடித்தும் இருக்கிறார்கள். பதில் சொல்ல வேண்டிய பெரிய மனிதர் பட்டியல் நீண்டுவிட்டது: பாராளுமன்ற உறுப்பினர், பிரதேச சபைத் தலைவர், சங்கத்தின் மாவட்டத் தலைவர், கம்பனி. ஒவ்வொருவருக்கும் சொந்தமாக ஒரு முகநூல் பக்கம், படம் பிடிக்க ஒரு தம்பி.

ஒரு படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மழையில் கூரை பறந்த லயத்துக்குத் தகரம் கொடுக்கும் படம். தகரம் ஒன்று, அதைப் பிடித்திருக்கும் கைகள் பத்து. நடுவில் தலைவர், வெள்ளைச் சட்டை. ஓரத்தில் தகரம் வாங்குகிற அம்மா, எந்தப் பக்கம் பார்ப்பது என்று தெரியாமல் கெமராவையும் தகரத்தையும் மாறி மாறிப் பார்க்கிறார். கீழே வாழ்த்து மழை. அந்தக் கூரைக்கு எத்தனை தகரம் தேவை, எத்தனை வந்தது, இது தலைவரின் கைக்காசா, பிரதேச செயலகத்தின் நிதியா, அரசாங்க நிவாரணமா, ஒன்றும் படத்தில் இல்லை. மறுநாள் அதே படம், அதே வாசகத்தோடு, ஒரு பத்திரிகையின் மலையகப் பக்கத்தில் 'ஹாலிஎல நிருபர்' என்று வரும்.

அந்த நிருபரைத் திட்டுவதற்கு முன்னால் அவர் பிழைப்பைப் பார்க்க வேண்டும். இலங்கையின் பிரதேச நிருபர்களில் பெரும்பாலானவர்கள் மாதச் சம்பளக்காரர் அல்லர். வெளியான செய்திக்கு இவ்வளவு, படத்துக்கு இவ்வளவு. கிலோக் கணக்குக் கொழுந்துக்காரியைப் போலத்தான் அவரும். நாள் முழுக்க மலையில் நின்றாலும் தராசில் ஏறியதற்கே காசு. பலர் ஆசிரியர்களாக, கொமியூனிகேஷன் கடைக்காரர்களாக இருந்துகொண்டுதான் எழுதுகிறார்கள். மடுல்சீமையிலோ லுணுகலையிலோ ஒரு சம்பவம் என்றால் போக வாகனம் வேண்டும். வாகனம் யாரிடம் இருக்கிறது? தலைவரிடம். தலைவரின் வாகனத்தில் போய், தலைவர் வாங்கிக் கொடுத்த சாப்பாட்டைச் சாப்பிட்டுவிட்டு, திரும்பும் வழியில் தலைவரை எதிர்த்து எழுதுவது மனிதனால் செய்யக்கூடிய காரியம் இல்லை. தலைமை அலுவலகத்துக்கும் இது தெரியும். பிறந்தநாள் வாழ்த்து விளம்பரமும் மே தின விளம்பரமும் அங்கிருந்துதான் வருகின்றன. ஒருதலைச் செய்திக்குக் கொள்கை காரணம் என்று கொழும்பில் கருத்தரங்கு வைக்கிறார்கள். ஹாலிஎலவில் காரணம் பெட்ரோல்.

சம்பளக் கதையில் இது பளிச்சென்று தெரிந்தது. 2015இல் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் ஆயிரம் ரூபா என்ற கோரிக்கை எழுந்தது. 2016 ஒக்டோபர் ஒப்பந்தத்தில் எல்லாப் படியும் சேர்த்து 730 ரூபா வந்தது. 2018 ஒக்டோபரில் மலையக இளைஞர்கள் கறுப்புச் சட்டையோடு காலிமுகத்திடலில் நின்றார்கள். சங்கம் எதுவும் அழைக்காமல், முகநூலில் பேசிக் கூடிய கூட்டம் அது. 2019 ஜனவரியில் அடிப்படைச் சம்பளம் 700. ஆயிரம் வர்த்தமானியில் ஏற 2021 மார்ச் ஆகிவிட்டது. இந்த ஆறு வருடத்தில் 'ஆயிரம் ரூபா உறுதி' என்று ஒவ்வொரு தலைவரும் ஒவ்வொரு தடவை சொன்னது செய்தியானது. வர்த்தமானி வந்த பிறகு நடந்தது அந்த அளவுக்குச் செய்தியாகவில்லை: பல தோட்டங்களில் ஒரு நாளைக்கு எடுக்க வேண்டிய கிலோ ஏறியது, எடுக்காதவர்களுக்கு அரைப்பேர் (அரைநாள் சம்பளம்), வேலை நாள் சுருங்கியது, கூட்டு ஒப்பந்தம் இல்லாமல் போனது. ஆயிரம் வந்ததா என்பது தலைவரின் வீடியோவில் தெரியாது, மாதக் கடைசியில் கையில் கொடுக்கிற சம்பளத் துண்டில் தெரியும். ஒரு பத்திரிகை பதுளை மாவட்டத்தில் பத்துத் தோட்டங்களின் சம்பளத் துண்டை வாங்கி அடுக்கியிருந்தால் போதும். ஒரு மந்திரியும் மேடையில் வாய் திறந்திருக்க மாட்டார். துண்டு ரகசியமும் இல்லை. கேட்டால் எந்த அக்காவும் எடுத்து நீட்டுவார். 2024 செப்டெம்பரில் 1,350, ஊக்கத்தொகையோடு 1,700 என்றார்கள். கதை திரும்ப அதே தடத்தில் ஓடியது.

வீடும் அப்படித்தான். 2017 மே 12இல் நோர்வூட்டில் இந்தியப் பிரதமர் மோடி மேலும் 10,000 வீடுகள் என்றார். அன்றைய கூட்டம் நேரலையில் ஓடியது. அந்தப் பத்தாயிரத்தின் முதற்கட்டத்துக்கு அடிக்கல் வைத்தது 2024 பெப்ரவரியில். நடுவில் போன ஏறத்தாழ ஏழு வருடத்துக்கு யார் பொறுப்பு என்று ஒரு அமைச்சரையும் உட்கார வைத்து யாரும் கேட்டதாக எனக்கு நினைவில்லை.

ஒரு தடவை மட்டும் கேட்டார்கள். அதுவும் பதுளையில்தான்.

2018 ஜனவரி முதல் வாரம். அப்போது ஊவா மாகாண முதலமைச்சர் சாமர சம்பத் தசநாயக்க. மாகாணக் கல்வி அமைச்சும் அவரிடமே இருந்தது. பதுளைத் தமிழ் மகளிர் பாடசாலை ஒன்றின் அதிபர், முதலமைச்சர் கடிதம் கொடுத்தனுப்பிய ஒரு பிள்ளையைச் சேர்க்க மறுத்தார் என்பது விவகாரத்தின் தொடக்கம். அதற்காக அதிபரைத் தன் உத்தியோகபூர்வ இல்லத்துக்கு வரவழைத்து, மண்டியிட்டு மன்னிப்புக் கேட்க வைத்தார் என்பது குற்றச்சாட்டு. முதலமைச்சர் மறுத்தார். பிறகு அதிபரே ஊடகங்களின் முன் நடந்ததைச் சொன்னார்.

அப்போது நடந்ததைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் எல்லாம் சரியாக நடந்தது. செய்தி தமிழில் மட்டும் நிற்காமல் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் போனது. ஆசிரியர்கள் வீதிக்கு வந்தார்கள். மனித உரிமைகள் ஆணைக்குழு விசாரணை தொடங்கியது. முதலமைச்சர் கல்வி அமைச்சுப் பொறுப்பிலிருந்து விலகினார். பொலிஸார் கைது செய்து நீதவான் முன் நிறுத்த, பிணையில் வந்தார். பெப்ரவரி 10இல் உள்ளூராட்சித் தேர்தல் இருந்ததால் எல்லாக் கட்சிகளுக்கும் தொண்டை திறந்திருந்தது. அதையும் மறைக்க வேண்டியதில்லை. அப்படியிருந்தும், பதவியில் இருக்கும் ஒரு முதலமைச்சர் ஒரு தமிழ்ப் பாடசாலை அதிபரின் வாக்குமூலத்துக்குப் பதில் சொல்ல வேண்டி வந்தது ஊவாவில் சாதாரண விஷயம் இல்லை. வேவெஸ்ஸ தோட்டக் குழுவுக்கு இல்லாமல் போனது இந்த அம்மாவுக்குக் கிடைத்தது: தன் கதையைத் தன் வாயால் சொல்ல ஒரு மைக். வாய் திறந்தால் இடமாற்றம் வரலாம், பதவி உயர்வு நிற்கலாம் என்று தெரிந்துதான் ஒரு அரச ஊழியர் பேசினார். ஊடகம் செய்தது பாதி. அந்த அம்மா செய்தது மற்றப் பாதி.

பிறகு? தேர்தல் முடிந்தது, நிருபர்கள் வேறு கதைக்குப் போனார்கள். 2020 ஓகஸ்டில் சாமர சம்பத் பதுளை மாவட்டத்திலிருந்து பாராளுமன்றம் போனார். 2024 நவம்பரில், நாடே தேசிய மக்கள் சக்தியின் பக்கம் சாய்ந்தபோதும் அவர் புதிய ஜனநாயக முன்னணியில் வென்றார். 2025 மார்ச் 27இல் இலஞ்ச ஊழல் ஆணைக்குழு அவரைக் கைது செய்தது. முதலமைச்சராக இருந்த காலத்தில் மாகாண சபையின் நிலையான வைப்பை முன்கூட்டியே எடுத்து நட்டம் உண்டாக்கியது உட்பட, வங்கிப் பணம் சம்பந்தமான குற்றச்சாட்டுகள். முன்னாள் ஜனாதிபதி ரணில் விக்கிரமசிங்க அவருக்குச் சார்பாக அறிக்கை விட, அவரையும் ஆணைக்குழு அழைத்து வாக்குமூலம் வாங்கியது. ஹாலிஎல பஸ் தரிப்பிடத்தில் நிற்கிறவரிடம் இந்தப் பேரைச் சொல்லுங்கள். மண்டியிட்ட கதை உடனே வரும். அந்த வழக்கு எப்படி முடிந்தது என்று கேட்டால் ஆளை ஆள் பார்ப்பார்கள். ஒரு குற்றச்சாட்டு நிரூபணமானால் வாக்காளருக்குத் தெரிய வேண்டும். நிரூபணமாகாவிட்டால் அதுவும் தெரிய வேண்டும். குற்றம் சாட்டப்பட்டவருக்கும் அது நியாயம். 2018இலிருந்து ஒரு மாவட்டமே அந்த ஒரு கதையை மட்டும் வைத்துக்கொண்டு அவரை ஏசவும் செய்கிறது, வாக்குப் போடவும் செய்கிறது.

நம் ஆட்களிடமும் இதே கணக்குத்தான். 2020 ஒக்டோபர் 22இல் ஜனாதிபதிக்கு அதிகாரத்தைக் குவித்த 20ஆவது திருத்தத்துக்கு எதிர்க்கட்சி வரிசையிலிருந்து கை தூக்கியவர்களில் பதுளையின் அ. அரவிந்த்குமாரும் ஒருவர். தமிழ் முற்போக்குக் கூட்டணி அவரை இடைநிறுத்தியது. அன்றிரவு முகநூல் தீப்பிடித்தது. எதிர்க்கட்சிக்குப் போட்ட வாக்கு ஏன் அங்கே போனது, பதிலுக்கு மாவட்டத்துக்கு என்ன கிடைத்தது என்று ஒரு நீண்ட நேர்காணலாவது வந்திருக்க வேண்டும். மீம்தான் வந்தது. 2022இல் அவர் கல்வி இராஜாங்க அமைச்சரானபோது வாழ்த்து விளம்பரம் வந்தது.

பழைய இஸ்தோப்பில் எதிர்ச் சங்கத்துக்காரன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான் என்று சொன்னேன். அதை இனிமையான காலம் என்று சொல்வதற்காகச் சொல்லவில்லை; கத்திக்குத்தும் அங்கேதான் நடந்தது. ஆனால் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் இரண்டு கட்சிக்காரனும் கேட்டான். இப்போது ஒவ்வொரு சங்கத்துக்கும் ஒரு வாட்ஸ்அப் குழு. தலைவரைக் கேள்வி கேட்டு ஒரு தம்பி எழுதினால், "எங்க தலைவர கேக்க நீ யாரு, உங்க அப்பாவுக்கு வீடு குடுத்தது யாரு?" என்று பத்துப் பேர் வருவார்கள். பிறகு அட்மின் வந்து தம்பியை நீக்குவார். தணிக்கைக்கு இப்போது வர்த்தமானி வேண்டியதில்லை. வர்த்தமானியும் இல்லாமல் இல்லை: 2024 ஜனவரியில் நிறைவேறிய நிகழ்நிலைக் காப்புச் சட்டம், எது பொய்க் கூற்று என்று தீர்மானிக்க ஜனாதிபதி நியமிக்கும் ஓர் ஆணைக்குழுவையே அமைக்க வழி செய்தது. 2002இல் குற்றவியல் அவதூறுச் சட்டத்தை எடுத்துவிட்ட நாடு இது.

இன்னொரு வெற்றிடமும் இருக்கிறது, அதைப் பற்றிப் பேசுகிறவர் அரிது. ஊவா மாகாண சபைக்குக் கடைசியாகத் தேர்தல் நடந்தது 2014 செப்டெம்பரில். 2019இல் அதன் காலம் முடிந்தது. அதற்குப் பிறகு மாகாணம் ஆளுநரின் கையில். தோட்டப் பாடசாலை பலவற்றுக்கு ஆசிரியர் போடுவது, வைத்தியசாலை, மாகாண வீதி எல்லாம் அந்தச் சபையின் கீழ் வருபவை. பதில் சொல்ல வேண்டிய முதலமைச்சரே இல்லாத மாகாணத்தில் நிருபர் யாரிடம் போய் மைக்கை நீட்டுவார்? 2024 தேர்தலில் பதுளையிலிருந்து கிட்ணன் செல்வராஜ், அம்பிகா சாமுவேல் என்று இரண்டு மலையகத் தமிழர் ஆளும் கட்சியில் பாராளுமன்றம் போயிருக்கிறார்கள். அம்பிகா, பாராளுமன்றத்துக்கு முதன்முதலாகத் தேர்தலில் வென்று போன மலையகப் பெண்களில் ஒருவர். புது முகங்கள் என்பதால் கேள்வியும் மென்மையாகவே வருகிறது. எனக்கு அது சரியாகப் படவில்லை. பழைய தலைவர்களிடம் கேட்டிருக்க வேண்டிய கடுமையோடு முதல் நாளிலிருந்தே இவர்களிடம் கேட்பதுதான் மரியாதை.

சொல்லத் தகுந்த ஒரு மாற்றம் சத்தமில்லாமல் நடந்திருக்கிறது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரி 3 முதல் நடைமுறையில் இருக்கிறது. எந்தப் பிரசையும் அரச அலுவலகத்தில் தகவல் கேட்கலாம். பத்திரிகை அடையாள அட்டை வேண்டாம், வாகனம் வேண்டாம், தலைவரின் சிபாரிசும் வேண்டாம். பதுளைப் பக்கத்தில் தோட்டத்து இளைஞர்கள் சிலர் இதைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். ஒருவர் என்னிடம் தன் விண்ணப்பத்தின் நகலைக் காட்டினார். நான்கே கேள்விகள், நீல மையில், பாடசாலைக் கையெழுத்தில்: எங்கள் டிவிசனுக்கு என்று ஒதுக்கிய வீதி நிதி எவ்வளவு, எந்தத் திகதியில் ஒதுக்கினீர்கள், கொந்தராத்து யாருக்கு, எத்தனை மீற்றர் போட்டு முடித்ததாகப் பணம் கொடுத்தீர்கள். நான்காவது கேள்விக்குக் கீழே கோடு போட்டிருந்தார். வீதியை அவரும் கூட்டாளியும் நாடா பிடித்து ஏற்கெனவே அளந்துவிட்டார்களாம்.

"குடுக்கப் போனப்ப, ஒனக்கு எதுக்கு தம்பி இதுன்னு மிஸ் கேட்டாங்க" என்றார். "காரணம் சொல்ல வேண்டியதில்லன்னு சட்டத்துல இருக்குதுங்க மிஸ்ன்னு சொன்னேன். வாங்கிக்கிட்டு ரசீது குடுத்தாங்க."

பதில் வந்ததும் பத்திரிகைக்குக் கொடுப்பீர்களா என்று கேட்டேன். யோசித்தார். "குடுப்பேன் அண்ணே. ஆனா நிருபர் அண்ணனும் அந்தக் கொந்தராத்துக்காரரும் நல்ல பழக்கம். அதனால மொதல்ல நாங்களே நாலு போட்டோக் கொப்பி எடுத்து, பெரட்டுக் களத்துல ஒண்ணு, கோயில்ல ஒண்ணு, கடையில ஒண்ணு ஒட்டிர்றோம். மத்தது பைல்ல இருக்கட்டும், அடுத்த எலெக்‌ஷனுக்கு வேணும்."